ஃபின்லாந்து காட்டில் மரங்களைப் பார்க்க வழிகாட்டியோடு நடப்பது வீண் செலவா?

"எல்லாம் ஒரே மாதிரி ஊசிமரம்தானே, இதற்கு ஒரு வழிகாட்டியா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெல்சின்கிக்கு வந்த புதிது போலிருக்கிறது. வீண் செலவு இல்லவே இல்லை, போய் வாருங்கள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது ஹெல்சின்கிக்குப் பக்கத்திலிருக்கும் நூக்ஸியோ தேசியப் பூங்காவில் இப்படியொரு நடைக்குக் கூட்டிப் போனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான் வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டிப் பெண் ஸ்ப்ரூஸ் என்ற ஊசிமரத்தின் ஊசியிலை ஒன்றை அவர் கையில் வைத்து, உருட்டிப் பார்க்கச் சொல்லிச் சைகை காட்டினார். அப்பா உருட்டிவிட்டு, "நாலு பக்கம் இருக்கும்மா" என்றார். அதேதான் அடையாளம். ஸ்ப்ரூஸ் ஊசி ஒற்றை ஒற்றையாக இருக்கும். பைன் ஊசி நீளமாக, இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். பைனின் மேல்தண்டு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

வெள்ளைப் பட்டை பிர்ச் மரத்திலும் இரண்டு வகை உண்டு. ஃபின்லாந்தின் தேசிய மரமான வெள்ளி பிர்ச்சின் இளங்குச்சியைத் தடவினால் பொடிப்பொடியாகப் பரு தட்டும். இன்னொன்றின் குச்சியில் மெல்லிய ரோமம், அது ஈர நிலத்தில் அதிகம். செல்போன் செயலியே போதுமே என்பீர்கள். செயலி பெயர் சொல்லும், சரி, விரலுக்கு யார் சொல்லித் தருவது?

ஆஸ்பென் என்ற மரத்தடியில்தான் அதிக நேரம் நின்றோம். இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் லேசான காற்றுக்கே இலை நடுங்கும். "நம்ம அரசமரம் மாதிரி" என்றார் அப்பா. வேரோரம் கிடந்த சின்ன மஞ்சள் புழுக்கைகளை வழிகாட்டி காட்டினார். பறக்கும் அணிலுடையவை. பழைய ஆஸ்பென்னில் மரங்கொத்தி குடைந்த பொந்தில்தான் பெரும்பாலும் அது குடியிருக்கும். அந்தப் பொந்தை அழிப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

ஆனால் எங்கள் குடியிருப்பில் பொந்து இல்லாத ஆஸ்பென் ஒன்று நின்றது, அந்தச் சட்டம் அதைக் காக்கவில்லை. இரண்டு கார் நிறுத்த வெட்டினார்கள். கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான். நம்மூர்க்காரர்களே "இங்கே மரத்துக்கா பஞ்சம்" என்றார்கள். முக்கால்வாசி நாடு காடுதான், ஒத்துக்கொள்கிறேன். என் ஜன்னலுக்கு எதிரே நின்றது அந்த ஒன்றுதான்.

காட்டைப் பார்க்கவும் காசா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் கிடையாது, காசு வழிகாட்டிக்கு மட்டும். காட்டுப் பழமும் காளானும் யாரும் பறிக்கலாம். கிளையை ஒடிப்பதும், படம் எடுக்க அழகாக இருக்கிறது என்று பிர்ச் பட்டையை உரிப்பதும் கூடாது. உரித்த இடம் கறுத்துவிடும், பழைய வெள்ளை திரும்பாது.

நூக்ஸியோ போக, பக்கத்து ஊரான எஸ்போ வரை ரயில், அங்கிருந்து பேருந்து. இலையை வைத்து மரம் பழக ஜூன் நல்லது, நிறம் பார்க்க செப்டம்பர் கடைசி. கோடையில் முழுக்கால் சட்டை போடுங்கள், உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுங்கள்.