அம்மனுக்காக ஒரு சட்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மற்றவர் மனதைப் புண்படுத்தும் பேச்சுக்குச் சிறைத்தண்டனை கூடாது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பை வெளியூர்ப் போதகர் ஒருவர் போனில் எடுத்து, 'பேய்க்கூத்து' என்று பேசி பேஸ்புக்கில் போட்டிருக்கிறார். லிங்க் அனுப்பியிருக்கிறேன். என் அப்பா இளந்தாரிக் காலம் முதல் விரதமிருந்து தீயில் இறங்குகிறவர். தம்பி காட்டப்போய் அவர் பார்த்துவிட்டார். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. இதற்கு என்ன பதில் அண்ணா?

பௌத்த பிக்கு ஞானசார தேரருக்கே 2025 ஜனவரியில் இஸ்லாத்தை அவமதித்ததற்காக ஒன்பது மாதச் சிறை கொடுத்தார்கள். அப்படியென்றால் சட்டம் வேலை செய்கிறதுதானே? புதிய அரசியலமைப்பு வரப்போகிறது என்கிறார்கள். எந்த மதத்தை யார் இழிவுபடுத்தினாலும் தண்டனை, எல்லா மதத்துக்கும் ஒரே அளவு, என்று அதில் ஓர் உறுப்புரை வைத்தால் என்ன? பாகிஸ்தான் மாதிரித் தூக்குக் கேட்கவில்லை. உறைக்கிற மாதிரி ஒன்று கேட்கிறேன். இந்த வீடியோவுக்கு எதிராகப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, பாண்டிருப்பு
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீடியோவை முழுதாகப் பார்த்தேன். கீழே இருந்த கொமன்ற்களையும் விடாமல் வாசித்தேன். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்த மனிதருக்கு வனவாசமும் தெரியாது, தவநிலையும் தெரியாது. பதினெட்டு நாள் நடக்கிற ஒரு பாரதத்தின் கடைசிச் சில நிமிடத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறார். உங்கள் அப்பா சாப்பிடாமல் படுத்தார் என்றால் அது நியாயமான மனவருத்தம். அதை நான் சின்ன விசயமாக எடுக்கவில்லை.

ஆனால் சட்டம் இல்லாததுதான் குறை என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையில் அதற்குச் சட்டம் வேண்டிய அளவு இருக்கிறது. 1883இல் வெள்ளைக்காரன் தந்த தண்டனைச் சட்டக்கோவையில் மதம் சார்ந்த குற்றங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்தினால் 290. வழிபாட்டுக் கூட்டத்தைக் குழப்பினால் 291. மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசினால் 291அ, ஒரு வருடம் வரை சிறை. வன்மத்தோடு ஒரு மதத்தையே இழிவுபடுத்தினால் 291ஆ, இரண்டு வருடம் வரை. மயானத்தில் அத்துமீறினால் 292. இவை போதாதென்று 2007இல் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) வந்தது. மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை. பிணை கேட்டு நீதவானிடம் போய்ப் பிரயோசனம் இல்லை. மேல் நீதிமன்றம்தான் தரலாம், அதுவும் விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் மட்டும். அதற்கும் மேலே 2024இல் இணையப் பதிவுகளுக்கென்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதிலும் மத உணர்வு பற்றிய குற்றங்கள் உண்டு. நீங்கள் கேட்கிற 'உறைக்கிற மாதிரி' எப்போதோ வந்துவிட்டது. யாருக்கு உறைத்தது என்று பார்ப்போம்.

2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரைப் பிடித்தார்கள். பேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டார், பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள், நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அதே வருடம் மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண். அவருடைய சட்டையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சடித்திருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். 2023இல் நதாஷா எதிரிசூரிய, மேடையில் சொன்ன நகைச்சுவைக்காக. விமான நிலையத்தில் வைத்துப் பிடிபட்டு, ஜூலையில் மேல் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் பிணை எடுத்தார். கதை எழுதினவர், சட்டை போட்டவர், பகிடி சொன்னவர். இவர்களில் ஒருவராவது ஒரு கோயிலையோ பள்ளிவாசலையோ தொட்டவரில்லை.

ஞானசார தேரர் தண்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் அவர் அதைப் பேசியது எப்போது? 2016இல். தீர்ப்பு 2025இல். ஒன்பது வருடம் கழித்து ஒன்பது மாதம். சத்குமாரவைப் பிடிக்க யாராவது ஒன்பது வருடம் காத்திருந்தார்களா?

அதே 2016இல் எங்கள் மட்டக்களப்பில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மங்களராமய விகாராதிபதி ஒரு தமிழ் கிராம உத்தியோகத்தரை இனத்தைச் சொல்லித் திட்டினாரே, அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பக்கத்தில் பொலிஸ்காரர் நிற்கிறார். நிற்கிறார், அவ்வளவுதான். ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் அப்போது வந்து ஒன்பது வருடம்.

'எல்லா மதத்துக்கும் ஒரே அளவு' என்று எழுதி வைக்கலாம் தங்கச்சி, எழுத்தில் அழகாகத்தான் இருக்கும். மனம் புண்பட்டதா இல்லையா என்று முதலில் அளக்கப்போகிறவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி. அவர் அளப்பது புண்ணையா? வாசலில் எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள், யார் கோல் எடுத்தார் என்பதைத்தான். ஒரு பள்ளிவாசல் இடித்தால் கணக்கெடுக்கலாம், சுவர் இருக்கிறது, கல் இருக்கிறது. மனம் அப்படியில்லை. நூறு பேர் சேர்ந்து புண்பட்டால் அது பெரிய புண். உங்கள் அப்பா தனியாகப் படுத்துக் கிடந்தால் அது ஒரு பொலிஸ் நிலையத்திலும் பதிவாகாது.

சரி, அரசியலமைப்புக்கு வருவோம். 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, புத்த சாசனத்தைக் காத்து வளர்ப்பது அரசின் கடமை என்கிறது. அதை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனம் கிடைத்தது, ஆகவே முதலாவது பிரச்சினையில்லை. இரண்டாவதுக்கு, அதுவும் 9ஐ முன்வைத்து, யார் துணிவார்கள்? அப்படியானால் நீங்கள் கேட்கும் உறுப்புரை 9க்குப் பக்கத்தில்தான் போய் உட்காரும். ஒரு மதத்தைக் காப்பது அரசின் கடமை என்று எழுதியிருக்கிற புத்தகத்தில், எல்லா மதத்தையும் ஒன்றுபோல் காக்கிற தண்டனை எப்படி நடக்கும்? 2003இல் ஒரு கிறிஸ்தவக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது, 9ஆம் உறுப்புரையையும் எடுத்துக் காட்டியது. அந்தப் போதகர் மேல் உள்ள கோபத்தில் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு இனிக்கலாம். ஆனால் கன்னியருக்குப் போட்ட பூட்டு நாளைக்கு எங்கள் வாசலுக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாளைக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் கோயில்களுக்குள்ளே முதலில் அகப்படப்போவது யார்? எந்தப் போதகரும் இல்லை. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரிடம் கணக்குக் கேட்கிற பொடியன்தான். திருவிழாக் காசு எவ்வளவு வந்தது, கூரைத் தகட்டுக்கு எவ்வளவு போனது என்று பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேட்கிறவனுக்கு இப்போதே என்ன பேர்? 'அம்மனோடு விளையாடுகிறான்.' எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, யாருக்கு முதல் காளாஞ்சி மரியாதை என்று வழக்குப் போட்டுக்கொண்டு திரிகிற நாங்கள், கையில் இன்னொரு பிரிவு கிடைத்தால் சும்மா இருப்போமா? சடங்கில் பலி வேண்டாம் என்கிறவரையும் பிடிப்போம், பலி நிறுத்தினது அம்மனுக்கு நிந்தை என்கிறவரையும் பிடிப்போம். கல்முனை நீதிமன்றத்தில் வாங்கு காணாது.

அடுத்ததைச் சொல்லும்போது காத்தான்குடி முஸ்லிம் நண்பர்கள் கோபிக்கக் கூடாது, அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 1979இல் ரஊப் மௌலவி என்ற சூஃபி அறிஞரை, அவர் பேசிய கொள்கைக்காக, மதம் மாறியவர் என்று மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. 2004இல் அவருடைய ஆட்களின் வீடுகளில் தீ. இன்னொரு சூஃபி குரு 2006இல் இறந்தபோது, ஊரில் அடக்க விடமாட்டோம் என்று பெரிய எதிர்ப்பு. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் ரஊப் மௌலவியின் ஆட்களோடு வாள் எடுத்து மோதியது, பிறகு உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலை நடத்திய சஹ்ரானின் கூட்டம். மார்க்கத்தை நிந்திக்கிறவர்களைத் திருத்தப் போகிறோம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். பொலிஸ் தேடியது, சஹ்ரான் தலைமறைவானார். இரண்டு வருடம் கழித்து அவர் ஆள் ஒருவர் முதுகில் பையோடு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் போனார். ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் செத்தார்கள். சீயோன் ஒரு சுவிசேஷ சபை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீடியோப் போதகரும் அதே வகைதான். 2019 ஏப்ரலில் நீங்களும் நானும் யாருக்காக அழுதோம்?

பாகிஸ்தான் மாதிரி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் நீட்டவில்லை. ஒன்று மட்டும். அவர்களுடைய சட்டமும் தூக்கில் தொடங்கவில்லை. 1927இல் லாகூரில் ஒரு துண்டு நூலால் வந்த கலவரத்துக்குப் பதிலாக வெள்ளைக்காரன் 295அ என்று ஒரு பிரிவு சேர்த்தான். எங்கள் 291ஆ அதன் உடன்பிறப்பு. அமைதி வந்ததா? அந்த நூலைப் பதிப்பித்தவரை 1929இல் குத்திக் கொன்றார்கள். சியா உல் ஹக் காலத்தில் 1982இலும் 1986இலும் மேலும் இரண்டு பிரிவுகள் வந்தன, இரண்டாவதில் மரண தண்டனை. 2021 டிசம்பரில் சியால்கோட்டில் ஒரு தொழிற்சாலை முகாமையாளர் சுவரில் இருந்த மத வாசகச் சுவரொட்டியை அகற்றினார் என்று சொல்லிக் கூட்டம் அவரை அடித்துக் கொன்று எரித்தது. அவர் பிரியந்த குமார, எங்கள் நாட்டு மனிதர்.

அப்படியானால் எதைக் கேட்பது என்பீர்கள். எனக்கு ஓட்டமாவடிதான் நினைவுக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் ஜனாஸாக்களை, இறந்தவர்களின் உடல்களை, கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் எரித்தார்கள். ஒரு மதத்துக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு என் ஆயுளில் நான் பார்க்கவில்லை. அதைச் செய்தது அரசு, வர்த்தமானி போட்டு. அரசைப் பிடிக்க 291ஆவால் முடியாது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, விசாரணைக்கே எடுக்காமல், காரணமும் சொல்லாமல், பெரும்பான்மை முடிவாகத் தள்ளினார்கள். பிறகு அனுமதி வந்தது, நாடு முழுவதிலிருந்தும் பெட்டிகள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. மூவாயிரத்துக்கும் மேல் அடக்கம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

புதிய யாப்பில் சண்டை பிடிக்க வேண்டிய இடங்கள் அங்கே இருக்கின்றன. இப்போது அடிப்படை உரிமை வழக்கு உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான், அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். பாண்டிருப்பிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறி, சட்டத்தரணி பிடித்து, ஒரு மாதத்தில் மனுப்போட யாரால் முடியும்? அந்த அதிகாரத்தைக் கல்முனை, மட்டக்களப்பு மேல் நீதிமன்றங்களுக்கும் கொடு என்று கேட்கலாம். 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது, அதனால்தான் 1883 இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எடு என்று கேட்கலாம். பேச்சைக் கட்டுப்படுத்த 'மத நல்லிணக்கம்' என்ற ஒரு சொல் இப்போது போதும், கட்டுப்பாடு அவசியமா, அளவானதா என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. அதை நிரூபிக்க வை என்று கேட்கலாம். ஆளை, வீட்டை, கோயிலை, மயானத்தைத் தொட்டால் தண்டனை என்பது அப்படியே இருக்கட்டும், இன்னும் இறுக்கட்டும். 2018இல் அம்பாறையில் கடைச் சாப்பாட்டுக்குள் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிப் பள்ளிவாசலை உடைத்தார்களே, அன்று தேவைப்பட்டது புதுச் சட்டமா? ஒரு ஜீப் நேரத்துக்கு வந்திருந்தால் போதும்.

கடைசியாக, பொலிஸ் முறைப்பாடு. வீடியோவுக்கு வேண்டாம் என்பேன். இப்போது சில நூறு பேர் பார்த்திருக்கிறார்கள், வழக்கென்றால் நாடே பார்க்கும். பதிலுக்கு உங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே வனவாசம் முதல் தீமிதிப்பு வரை விளக்கி ஒரு வீடியோ எடுங்கள், அப்பாவையே பேச வையுங்கள்.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு கொமன்ற் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. போதகரின் சபை எந்த ஒழுங்கையில் இருக்கிறது, கூட்டம் எத்தனை மணிக்கு என்று எழுதி, 'ஞாயிற்றுக்கிழமை போய்க் கொளுத்துவோம்' என்று எங்கள் ஆள் ஒருவர் போட்டிருக்கிறார். முப்பதுக்கு மேல் லைக். நான் பார்த்த அந்த முழுப் பக்கத்திலும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்துக்குள் உண்மையாகவே வரக்கூடியது அது ஒன்றுதான். புரொபைல் படத்தில் பள்ளிச் சீருடையும் உங்கள் ஊர்ப் பாடசாலைச் சின்னமும் தெரிகிறது. ஞாயிறுக்கு முன் ஆளைக் கண்டுபிடித்து அழிக்கச் சொல்லுங்கள். பெற்றோரிடமும் பேசுங்கள். அழிக்கமாட்டேன் என்றால் அப்போது பொலிசுக்குப் போகலாம், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்