1905 எங்கே என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் எங்கு திரும்பினாலும் கண்ணாடியும் கான்கிரீட்டும்தான். 1905இல் தொடங்கியது என்கிறார்களே, அந்தப் பழமை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியில், இந்த ஊரில் ஒட்டவே மாட்டேனோ என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 1997இல் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. விடுமுறை நாள்களில் பழைய கட்டடங்களைத் தேடி நடக்கத் தொடங்கிய பிறகே இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது.

நீங்கள் தேடும் 1905 கெண்ட் ரிட்ஜில் இல்லை. ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, பொது மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கும் காலேஜ் ரோட்டுக்கு நடந்து போங்கள். அந்த வட்டாரத்துக்குப் பழைய பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்களின் பாசறை அங்கே இருந்ததால் வந்த பெயர். 1904இல் இங்கே மருத்துவர்களுக்குப் பெரும் பஞ்சம். டான் ஜியாக் கிம் என்ற வணிகர் முன்னின்று, ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு, மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார். 71,000 வெள்ளி (டாலர்) திரட்டித் தந்தால் பார்க்கலாம் என்றது அரசாங்கம். அவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். டான் ஜியாக் கிம் மட்டும் 12,000 வெள்ளி போட்டார். 1905 ஜூலை 3 அன்று 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. தொடங்கிய இடம், மனநோயாளிப் பெண்களுக்கான பழைய விடுதி. 1910இல் முதல் அணியாக ஏழு பேர் தேறி வெளியே வந்தார்கள். நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று அந்த ஏழு பேரைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே டான் டெக் குவான் கட்டடத்தைப் பாருங்கள், 1911இல் எழுந்தது. டான் சே யான் என்ற மலாக்கா ரப்பர் தோட்டக்காரர் தம் தந்தையின் நினைவாகக் கட்டிக்கொடுத்தார். பக்கத்தில் பெரிய தூண்களோடு நிற்பது 1926இல் கட்டிய மருத்துவக் கல்லூரி. அந்த வளாகத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும். 1942 பிப்ரவரி 14 அன்று குண்டுவீச்சில் இறந்த மாணவர் ஒருவரைத் தோழர்கள் அங்கே அடக்கம் செய்துகொண்டிருந்தபோது, அவர்கள் மேலும் குண்டுகள் விழுந்தன. குழி வெட்டிய பிள்ளைகள் பலர் அங்கேயே மாண்டார்கள். மறுநாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது.

கலையும் அறிவியலும் கற்பிக்க 1928இல் புக்கிட் தீமாவில் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. லீ குவான் யூ படித்த இடம். போருக்குப் பிறகு, 1949 அக்டோபர் 8 அன்று, மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். நம் எஸ்.ஆர். நாதன் சிறுவயதில் வீட்டைவிட்டு வெளியேறி, வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1954இல் அங்கேதான் சமூகப்பணிப் பட்டயம் பெற்றார். 1999இல் அவர் நாட்டின் அதிபரானபோது, பதவி வழியாக அதே பல்கலைக்கழகத்தின் வேந்தரும் ஆனார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தமிழ்த்துறை இல்லை என்பதைவிட, இருந்த வாய்ப்பு இடம் மாறிப்போனது என்பதே சரி. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதம் என்றார்கள் ஒரு சாரார். இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் மொழியை விட்டுவிட்டு என்ன இந்திய இயல் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து, பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க மக்களிடம் நிதி திரட்டினார். உடலுழைப்பால் பிழைத்த சாதாரணத் தமிழர்கள் தங்கள் வருமானத்திலிருந்து கொடுத்த காசு அது. தங்கள் பிள்ளை அந்த வாசலை மிதிப்பானா என்பதே நிச்சயமில்லாத காலத்தில் கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழோடு வந்தது.

பிறகு அரசியல் மாறியது. 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இரண்டு பிரிவுகளாகி, 1962இல் தனித்தனிப் பல்கலைக்கழகங்களே ஆகிவிட்டது. இங்கே இருந்த பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. இந்திய இயல் துறை கோலாலம்பூருக்குப் போய்விட்டது. இலங்கையிலிருந்து தனிநாயகம் அடிகள் 1961இல் வந்து அதற்குத் தலைமை ஏற்றார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்ததற்கு அவர் அங்கே இருந்ததும் அந்தத் துறை அங்கே இருந்ததும் காரணம். சிங்கப்பூரில் உண்டியல் குலுக்கிய கைகளுக்கும் அந்த மாநாட்டுக்கும் நேரான தொடர்பு உண்டு. இங்கிருந்து போனது வீணாகவில்லை. ஆனாலும் இங்கே ஒரு வெற்றிடம் விழுந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். இன்று உங்கள் வளாகத்தில் தெற்காசியவியல் பாடத்திட்டம் இருக்கிறது, தமிழை மொழிப்பாடமாகக் கற்பிக்கிறார்கள், மாணவர்களின் தமிழ்ப் பேரவை நாடகமும் விவாதமும் நடத்துகிறது. முதலில் அந்தப் பேரவைப் பிள்ளைகளோடு பழகுங்கள். தனிமை பாதியாகக் குறையும்.

இதே கதையைச் சீனர்களும் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. நாங்கள் குடியிருக்கும் கிளிமெண்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், அதே தளத்தில் ஓய்வுபெற்ற சீனப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது பேசிப் பழக்கம். நான்யாங் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1953இல் ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீனமொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்று குரல் கொடுத்துத் தாமே 50 லட்சம் வெள்ளி தர முன்வந்தார். ஹொக்கியன் சீனர்களின் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் அந்த ஆசிரியரின் குரல் மாறும். 1954இல் டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுநர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், நாள் முழுக்க மிதித்துச் சம்பாதித்ததை அப்படியே பல்கலைக்கழக நிதிக்குக் கொடுத்தார்கள். அவருடைய தந்தையும் அவர்களில் ஒருவர். 1956இல் வகுப்புகள் தொடங்கின.

அதன் பட்டத்துக்கு அரசாங்க ஏற்பு 1968இல்தான் கிடைத்தது. டான் லார்க் சையின் குடியுரிமையே அரசியல் காரணங்களால் பறிக்கப்பட்டது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே வேலை என்று காலம் மாற, மாணவர் எண்ணிக்கை குறைந்தது. பிரிட்டனிலிருந்து வந்த கல்வியாளர் டெய்ன்டன் 1979இல் கொடுத்த அறிக்கை, கெண்ட் ரிட்ஜில் ஒரே வலுவான பல்கலைக்கழகம் போதும் என்றது. 1980 ஆகஸ்டு 8 அன்று சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நான்யாங்கும் இணைந்து தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதனால்தான் சிலர் 1905 என்றும் சிலர் 1980 என்றும் சொல்லக் கேட்பீர்கள். இணைப்பு நாட்டுக்கு நல்லது என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம் கல்லூரியின் பெயர் போனதைப் பற்றி அந்த ஆசிரியர் பேசியபோது, நம் இந்திய இயல் துறை எல்லை தாண்டிப் போனது என் நினைவுக்கு வந்தது. அன்று நாங்கள் இருவரும் வெகுநேரம் தாழ்வாரத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு இந்த ஊர் என் ஊர் என்று தோன்றிய நாள்களில் அது ஒன்று.

2006இல் பல்கலைக்கழகம் அரசாங்கக் கழகம் என்ற நிலையிலிருந்து தன்னாட்சி அமைப்பாக மாறியது. இன்றும் பொதுப்பணம்தான் அதைத் தாங்குகிறது. உங்கள் மாதாந்திர உதவித்தொகையும் பெரும்பாலும் அதே வழியில்தான் வருகிறது. அதை வாங்கும்போது கூச்சப்பட வேண்டாம். டிரைஷா ஓட்டியவர்களும் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குக் கொடுத்தவர்களும் யாரோ முகம் தெரியாத பிள்ளைகளுக்காகத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஊட்ரம் பார்க் போய்வாருங்கள். அன்றே மாலை பூமலை நிலையத்தில் இறங்கினால் பழைய ராஃபிள்ஸ் கல்லூரியையும் பார்த்துவிடலாம், சட்டத்துறை பல ஆண்டுகள் அங்கே இருந்தது. அந்த வளாகத்தில் தேசியக் கல்விக் கழகம் பல ஆண்டுகள் இயங்கிவிட்டு, 2000இல் ஜூரோங்குக்கு, பழைய நான்யாங் நிலத்துக்கே மாறியது. என் மனைவி தமிழாசிரியர் பயிற்சி பெற்றது ஜூரோங்கில்தான். சீனமொழிக்காகக் கொடுத்த நிலத்தில் இன்று தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள் என்று அந்த ஆசிரியரிடம் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

நான்யாங்கின் பழைய நுழைவாயில் வளைவு இப்போது வளாகத்துக்கு வெளியே, ஜூரோங் வெஸ்டில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. உள்ளே யுன்னான் தோட்டத்தில் இருப்பது அதன் நகல். முதல் முறை போகிறவர்கள் நகலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் போகும் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.