காப்பகத்திலிருந்து எடுத்து வந்த பூனை கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, என்ன செய்வது?

நான்கு நாளாக வெளியே வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பூனை மிளகு தானாக வெளியே வர 18 நாள் ஆனது.

சென்னையில் ஒரு காப்பகத்தில், கூண்டின் கடைசி மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காது நுனி வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை செய்த தெருப்பூனைக்கு அதுதான் அடையாளம். வீட்டில் கூடையைத் திறந்ததும் பீரோவுக்குப் பின்னால் போய்ப் பம்மியவள்தான்.

இரண்டாம் நாள் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். பாவம், எவ்வளவு நேரம்தான் இருட்டில் கிடக்கும் என்று கையை விட்டு இழுத்தேன். மணிக்கட்டில் ஆழமான கீறல், எனக்கு ரேபிஸ் ஊசி. அதைவிட, அடுத்த ஒரு வாரம் நான் அறைக்குள் வந்தாலே சீறினாள். ஒளிய இடம் இருந்தால்தான் பூனைக்கு வெளியே வரத் தைரியம் வரும் என்று பிறகுதான் புரிந்தது.

அதன்பின் முழு வீட்டையும் காட்டாமல், சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் சின்ன அறையை மட்டும் அவளுக்குக் கொடுத்தோம். குக்கர் விசிலுக்கு உடம்பே தூக்கிப்போடும் அவளுக்கு. ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர்மூலையில் அவள் கழிவுக்கு மணல் தட்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பல பூனைகள் சாப்பிடாது. ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, உள்ளே என் பழைய நைட்டியைப் போட்டேன், என் வாசனை பழகட்டும் என்று.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் எதையாவது வாசிப்பேன். அவளை உற்றுப் பார்க்க மாட்டேன், பூனைக்கு அது சண்டைக்கு அழைப்பது மாதிரி. கண்ணோடு கண் பட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். இப்படிச் செய்பவர் நீட்டும் கையைப் பூனைகள் கூடுதலாக நெருங்குவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். பதினோராம் நாள் பீரோ இடுக்கிலிருந்து அவளும் அப்படியே கண்ணை மூடித் திறந்தாள். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனை வைத்து, தட்டைத் தினம் ஒரு சாண் என் பக்கம் நகர்த்தினேன். 18-ஆம் நாள் வந்து என் கால்விரலை முகர்ந்தாள். நான் அசையவில்லை. மறுநாள் ஒரு விரலை நீட்டினேன், கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள். அவள் வந்து மூன்று வருடமாகிறது. விருந்தாளி வந்தால் இன்றும் பீரோவுக்குப் பின்னால்தான். அது அவள் சுபாவம், மாற்ற நான் முயலவில்லை.

மாட்டுப்பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, பேதியாகும்.

பொறுமை கூடாத இடமும் ஒன்று உண்டு. ஒரு முழுநாள் எதையுமே தொடவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண் பூனை மணலில் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அன்றைக்கே, அந்த நேரமே போக வேண்டும்.

உங்களுடையது சாப்பிடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்று இரவு தட்டை வைத்துவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். காலையில் சாப்பாடு குறைந்திருக்கிறதா, மணல் நனைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.