நானா அனுப்பிய இரண்டு சாம்பிள்

கேள்வி: கட்டாரில் இருக்கும் நானா இரண்டு சென்ட் சாம்பிள் அனுப்பினார். ஒன்று அமுவாஜ் இன்டர்லூட் மேன், மற்றது டிப்டிக் ஃபிலோசிகோஸ். லீவில் வரும்போது ஒன்றின் முழுப் போத்தல் கொண்டுவருவாராம். எனக்கு அமுவாஜில்தான் ஆசை. டிப்டிக்கைக் கூட்டாளிமார் ‘பொம்பிளைச் சென்ட்’ என்கிறார்கள். கல்முனையில் வங்கி வேலை, தினமும் பஸ். எதைச் சொல்ல?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, டிப்டிக்கைச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசையில் பிழையில்லை. 1983இல் ஓமானில் தொடங்கிய அமுவாஜின் சென்ட்களில் எனக்கு மிகப் பிடித்தது இன்டர்லூட். அடித்தவுடன் ஒரிகானோ இலையின் காரம் மூக்கில் ஏறும். பிறகு சாம்பிராணிப் புகை, அம்பர், தோல், ஊத் எனும் அகில் என்று அடுக்கடுக்காக இறங்கும். சேர்ட்டில் அடுத்த நாளும் நிற்கும். மாரி காலத்து இரவுக்கு, திறந்த முற்றத்துக்கு அருமையான சாமான். நீங்கள் போவதோ கச்சான் காற்று வீசும் ஜூலையில், ஆளோடு ஆள் நெருக்கும் பஸ்ஸில். உடம்புச் சூட்டில் அந்தப் புகை இன்னும் கிளம்பும். நிந்தவூர் வருமுன்னே பக்கத்தில் நிற்பவருக்குத் தலையிடி. பிறகு ஏசி போட்டு அடைத்த வங்கி. உங்கள் மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும், மணம் போய்விட்டதென்று திரும்ப அடிப்பீர்கள். கவுன்டருக்கு வருபவர் பாடு என்ன?

ஃபிலோசிகோஸ், ஒலிவியா ஜியாகோபெட்டி 1996இல் செய்தது. அதன் வாசம் அத்தி மரத்தினது; மத்தியதரைக் கடல் பக்கத்து அத்தி, நம் ஆற்றங்கரை அத்தி அல்ல. கசக்கிய இலையின் பச்சை வாசம், காம்பைக் கிள்ளினால் கசியும் பால், தேங்காய்ப்பாலின் மெல்லிய கொழுமை, கடைசியில் காய்ந்த மரம். வெயிலுக்கு நன்றாக ஒத்துப்போகும். ஆண், பெண் இருபாலாருக்கும் என்றுதான் விற்கிறார்கள். கூட்டாளிமார் பேச்சை விடுங்கள்.

ஊத், சாம்பிராணி வாசத்துக்குக் காத்தான்குடி அத்தர்க் கடைகள் இருக்கின்றன. இன்டர்லூட்டின் அதே வாசம் கிடைக்காதுதான், ஆனால் பெருநாள் இரவுக்கு அந்தப் புகை ஆசை தீரும். அத்தி இலை வாசத்துக்கு இங்கே எங்கே போவது?

முடிவெடுக்குமுன் மிச்சச் சாம்பிளைக் காகிதத்தில் வீணாக்காமல் தோலில் பூசி, வேலை நாளொன்றில் பஸ்ஸில் போய் வாருங்கள். பின்னேரம் வீட்டாரிடம் மணக்கக் கொடுங்கள். ஃபிலோசிகோஸில் ஓ டி டொய்லெட், ஓ டி பர்ஃபம் என இரண்டு உண்டு. முன்னது பச்சை வாசம் கூடியது, சீக்கிரம் போய்விடும். சாம்பிளில் எது எழுதியிருக்கிறதென்று பார்த்து அதையே நானாவுக்குச் சொல்லுங்கள்.