சந்தை வளர்ந்தால் கடல் அழியத்தான் வேண்டுமா? ராமநாதபுரம் கடற்கரையை வைத்து விளக்க முடியுமா?

அப்படி ஒரு விதி இல்லை. எதற்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பொறுத்தது.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டி எடுத்த காலம் உண்டு. வாங்கியவர் கொடுத்தது வெட்டுக்கூலியும் படகுச் செலவும்தான். அந்தப் பாறை அலையைத் தணித்ததும், மீன்குஞ்சுகளை வளர்த்ததும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலில் மூழ்கியதற்குப் பாறை வெட்டியதும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. அதே ஆண்டு, கடலடியில் வாழும் கடல் அட்டை என்ற உயிரினத்தைப் பிடிக்கவும் தடை. அதை நம்பியிருந்த முக்குளிப்பவர்களின் பிழைப்பு போனது.

விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடி என்ற வலையும் இதே கதைதான். கடலடியைச் சுரண்டுவதன் நட்டம் நாட்டுப்படகுக்காரர் தலையில் விழுகிறது. ஆனால் விசைப்படகுக்காரரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. படகுக்கும் டீசலுக்கும் வாங்கிய கடன் அவரைக் கடலுக்குத் துரத்துகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை மீனுக்கு ஓய்வு தரும், கடனுக்குத் தராது.

மாறாக, பாம்பன் பக்கம் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மாதம் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்கள் பாசியும் விற்பனைக்குத்தான் போகிறது. ஆனாலும் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் சட்டத்தின் பார்வையில் அவர்கள் அத்துமீறுபவர்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசித்தான் வனத்துறை விதி வகுக்க வேண்டும் என்பேன்.