மருத்துவர் பதில்கள்: மனச்சிதைவும் நைட்ரிக் ஆக்சைடும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 26. மூன்று ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் எதிலும் நாட்டமின்றி, யாருடனும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறான். மூளையில் நைட்ரிக் ஆக்சைடு குறைவதே இந்நோய்க்குக் காரணம் என்கிறார் எங்கள் உறவினர். உடற்பயிற்சி செய்வோர் வாங்கும் ஆர்ஜினின் மாத்திரையைக் கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: கொடுக்க வேண்டாம். ஆனால் உறவினர் சொன்னது முழுக் கற்பனையும் அல்ல என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் மற்ற வேதிப்பொருள்கள் பலவற்றைச் சேமித்து வைப்பதுபோல இதை மூளை சேமித்து வைப்பதில்லை. தேவைப்படும்போது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது, சில நொடிகளில் அது மறைந்துவிடுகிறது. நரம்பணுவில் செய்தியை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. ஏற்பியைக் குளூட்டமேட் என்ற மூளை வேதிப்பொருள் தூண்டும்போது கால்சியம் உள்ளே பாய்ந்து, இந்த வாயுவை உண்டாக்கும் நொதியை இயக்குகிறது. அந்த ஏற்பியைத் தூண்டினால் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுவதை 1988-இல் ஜான் கார்த்வெயிட் குழுவினர் காட்டினார்கள். இதே ஏற்பியை அடைக்கும் கெட்டமைன், பென்சைக்கிளிடின் என்ற மருந்துகள், நோயே இல்லாதவர்களிடமும் சந்தேகத்தையும் பிரமையையும் மட்டுமல்லாமல், உங்கள் தம்பியிடம் நீங்கள் காணும் ஒதுங்கலையும் நாட்டமின்மையையும் ஒத்த நிலையைத் தற்காலிகமாக உண்டாக்கக்கூடியவை. இப்போதுள்ள மாத்திரைகளில் பெரும்பாலானவை டோபமின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருளைக் கட்டுப்படுத்துபவை. குரல்களை அடக்கும் அளவுக்கு அவை ஒதுங்கலை மாற்றுவதில்லை. ஆகவே ஆய்வாளர்களின் கவனம் இந்தப் பாதையின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

2013-இல் பிரேசில் ஆய்வாளர்கள், ரத்த அழுத்தத்தை அவசரமாகக் குறைக்கப் பயன்படும், நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் சோடியம் நைட்ரோபுருசைடை 20 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அம்மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தற்ற கரைசலும் நான்கு மணி நேரம் ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்பட்டன. மருந்து பெற்றவர்களிடம் சில மணி நேரத்திலேயே முன்னேற்றம் தெரிந்தது. அது நான்கு வாரம்வரை நீடித்தது. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது பெரும்பாலும் இந்தச் செய்தியாகத்தான் இருக்கும். பின்னர் லண்டனிலும், சீனாவிலும், 52 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் என்ற சிறு ஆய்வை வைத்து அன்று எழுந்த ஆரவாரம் அளவு மீறியது என்றே நான் கருதுகிறேன்.

குறைபாடுதான் நோய் என்ற கூற்றும் நிலைநிற்கவில்லை. நோயாளிகளின் ரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் என்ற ஆய்வுகளும் உண்டு, குறைவு என்ற ஆய்வுகளும் உண்டு. ரத்தக் குழாய்ச் சுவர்களும் இந்த வாயுவை உண்டாக்குவதால், ரத்த அளவை வைத்து மூளையின் நிலையைக் கணிக்கவும் முடியாது. அளவு மிஞ்சினால் இவ்வாயு, உடலில் உண்டாகும் சூப்பராக்சைடு என்ற பொருளுடன் சேர்ந்து செல்களைச் சிதைக்கும் பெராக்சிநைட்ரைட்டாக மாறுகிறது. இந்த வாயுவின் செயலைத் தடுக்கும் மெத்திலீன் நீலத்தையும் இதே நோய்க்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்!

ஆர்ஜினினில் பெரும் பங்கு குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது. மனநோய் மாத்திரைகள் பலவும் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. ஆர்ஜினினும் சேர்ந்தால் தலைசுற்றல் கூடலாம். தம்பியின் ஒதுங்கல் நோயின் பகுதியாகவோ, மனச்சோர்வாகவோ, மருந்தின் அளவு கூடியதாலோ இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் மனநல மருத்துவரிடம் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பல் மருத்துவர் தரும் ‘சிரிப்பு வாயு’வும் இதுவும் ஒன்றா?
– அதே வாசகி

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு, பெயர்தான் நெருக்கம். வேடிக்கை என்னவென்றால், அது மேலே சொன்ன என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் வாயு. தம்பிக்குப் பல் சிகிச்சை தேவைப்பட்டால், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.