மூன்று ஏ சித்தியும் எஸ்.ஏ.ரி. 1550 புள்ளியும் ஹாவர்டுக்குப் போதுமா?

கல்லடியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: மகள் க.பொ.த. உயர்தரக் கணிதப் பிரிவில் மூன்று ஏ பெற்றிருக்கிறார்; அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சையில் 1600க்கு 1550. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலோ மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.ரி.யிலோ இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதிதானே, மொரட்டுவையில் கிடைக்கக்கூடிய பொறியியல் இடத்தை விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியோடு பழகியவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு எழுவது இயல்பு. இங்கே பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் மட்டக்களப்பு, அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்குரியது. எந்த வழியானாலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவருக்கு இடம் உண்டு. அவருடைய ஆசிரியர் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் வெட்டுப்புள்ளி என்ற ஒன்றே கிடையாது.

2015இல் ஹாவர்டில் சேர விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களின் விபரம் பின்னர் ஒரு வழக்கில் வெளியானது. ஏறத்தாழ 26,000 பேரில் 8,000க்கும் அதிகமானோர் பாடசாலைப் பெறுபேறுகளில் முழுப்புள்ளி பெற்றவர்கள். சுமார் 2,700 பேர் எஸ்.ஏ.ரி.யின் மொழிப் பகுதியில் முழுப்புள்ளி பெற்றவர்கள். வெளிநாட்டவரையும் சேர்த்து அவ்வருடம் அனுமதி கிடைத்ததோ 1,990 பேருக்குத்தான். அதன்பின் போட்டி இன்னும் கடுமையாகிவிட்டது: 2024இல் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேர் தெரிவானார்கள், அதாவது 3.6 சதவீதம். எம்.ஐ.ரி.யின் இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் பத்தில் ஒருவர் அளவே என்பதால் அங்கே கதவு மேலும் ஒடுங்கியது. உங்கள் மகளின் புள்ளிகள் அவருடைய விண்ணப்பத்தைக் கவனமாக வாசிக்க வைக்கும். ஆனாலும் பத்துக்கு ஒன்று என்ற வாய்ப்பைக்கூட நான் சொல்லத் துணியமாட்டேன்.

ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் என்ற குழுவின் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தால் எட்டு மடங்கு வாய்ப்பு என்று ரியூசன் வகுப்புகளில் ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. கணிதப் பிரிவு மாணவி என்பதால் உங்கள் மகளுக்கே இதன் பிழை புரியும்: ஒரே கட்டுரையும் ஒரே சிபாரிசுக் கடிதங்களும் எட்டு இடங்களுக்கும் போகும்போது அந்த எட்டு முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல.

பணத்தையும் இப்போதே பேசிவிட வேண்டும். வருடச் செலவு 80,000 டொலருக்கு மேல். ஐவி லீக்கிலும் எம்.ஐ.ரி.யிலும் புள்ளிகளுக்காகப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகிறார்கள். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., டார்ட்மவுத், அம்ஹேர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைத் தெரிவின்போது கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான ஏனைய இடங்களில் முழு உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். ஆகவே பட்டியலை இந்தச் சிலவற்றோடு தொடங்குங்கள்.

எஸ்.ஏ.ரி.யை மறுபடி எழுதி 1580 ஆக்குவதில் நாட்களைச் செலவிடுவது வீண். நமது பாடசாலைகளில் சிபாரிசுக் கடிதம் கேட்டால் பெரும்பாலும் நற்சான்றுப் பத்திரந்தான் கிடைக்கும்: ‘ஒழுக்கமும் கீழ்ப்படிவும் உள்ளவர், மாணவத் தலைவியாகக் கடமையாற்றியவர், இல்ல விளையாட்டுப் போட்டியில் பங்குபற்றியவர்.’ அனுமதி அலுவலருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. இணைந்த கணிதம் கற்பித்த ஆசிரியரிடம் போய், வகுப்பில் மகள் எந்தக் கணக்கை வேறு வழியில் செய்தார், எங்கே ஆசிரியரோடு வாதிட்டார் என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். தமிழில் எழுதுவது அவருக்கு இலகுவென்றால் தமிழிலேயே எழுதட்டும், ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துக்கொள்ளலாம். விண்ணப்ப முடிவு திகதி பொதுவாகச் சனவரி முதல் வாரம், தெரிவு பற்றிய அறிவிப்பு மார்ச் மாதத்தில். அதற்கிடையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத் திகதி வந்தால் அதையும் தவறாமல் நிரப்பி அனுப்புங்கள்.